அடுத்த பதிப்புக்கு என்று தள்ளிவைத்த பக்கம்

எங்கள் சலவை நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பதிப்பக்கா என்றால்தான் காவல்காரருக்கே தெரியும். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, மடித்து அனுப்புகிற இடம் அது. நான் மடிப்பு மேசையில் நிற்பவள். அவள் துவைக்கும் மெஷின்கள் இருக்கும் பக்கம். அங்கிருக்கும் ஆவி எங்கள் பக்கம் வராமலிருக்க நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு.

பதிப்பு என்று நாங்கள் சொல்வது மெஷின் கையேட்டை. மெஷின்களை வாங்கியபோது கூடவே வந்த புத்தகம் எங்களில் எவருக்கும் விளங்காத பாஷையில் இருந்தது. அதனால் ஆளாளுக்குத் தெரிந்ததைச் சாக்பீஸால் சுவரில் எழுதி வைத்தார்கள். காலை ஷிஃப்ட் எழுதினதை மாலை ஷிஃப்ட் அழித்துவிட்டு வேறொன்று எழுதும். சுவரைப் பார்த்து வேலை செய்தவர்கள் துணியைப் பார்த்து அழுதார்கள். அப்போது பதிப்பக்காவும் வேலைக்குப் புதிது. அவள்தான் அலுவலக அறையின் பழைய கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து திருத்தம் எழுதலாம் என்றாள். ஆனால் சிவப்பில் எழுத வேண்டும். பழைய வரியை அழிக்கக் கூடாது, அதன் மேல் கோடு மட்டும் போடலாம்.

மாதம் பிறந்ததும் "கதவைச் சாத்திட்டேன், இனிமே யாரும் தொடாதீங்க" என்பாள். சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாகப் படிப்பாள். சரி என்றால் கறுப்பாக்குவாள். வேண்டாமென்றால் எடுத்துவிடுவாள். இன்னும் யோசிக்க வேண்டும் என்றால் பக்கத்தில் 'அடுத்த பதிப்புக்கு' என்று போட்டு வைப்பாள்.

அதன் பிறகு 'கை பார்ப்பது' என்று ஒன்று உண்டு. மாறிய வரிகளை ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். அந்த மெஷினைத் தெரியாத இன்னொருவர், காதில் விழுந்ததை மட்டும் கையால் செய்ய வேண்டும். சொந்த புத்தியைக் கொஞ்சமும் கலக்கக் கூடாது. கை எங்கே நிற்கிறதோ அங்கே வரி சரியில்லை என்று அர்த்தம். மெஷின்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாததால் பெரும்பாலும் நான்தான் கை. எழுதினவரே படிக்கக் கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம்தான். எழுதினவர் படித்தால், வரியில் இல்லாததையும் குரலால் சொல்லிக்கொடுத்துவிடுவாராம்.

ஒருமுறை வேறு ஆள் கிடைக்காமல் மெக்கானிக் அண்ணனே கையாக வந்தார். யாரோ எழுதியிருந்த 'கதவை மூடவும்' என்ற வரியைப் பதிப்பக்கா படித்ததும் மனிதர் எழுந்து வெளியே போய்விட்டார். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"எங்க போனீங்க?"

"கதவை மூடச் சொன்னே. எந்தக் கதவுன்னு உன் புத்தகத்துல இல்ல. கழிவறைக் கதவை மூடிட்டு வரேன். கொஞ்சம் நேரம் ஆயிடுச்சு."

எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்காமல் 'மெஷின் கதவை' என்று திருத்திக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள்.

எல்லாம் சரியானதும் அச்சடித்து, நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டு, மெஷினுக்கு மெஷின் மாட்டிவிடுவாள். பழைய தாள்களைத் தானே கழற்றி மூலையைக் கத்தரிப்பாள், தப்பித் தவறி யாரும் திரும்ப எடுத்து மாட்டிவிடக் கூடாதே என்று. முதல் பக்கத்தில், இந்தப் பதிப்பில் என்ன மாறியது, யார் சொல்லி மாறியது என்று வரும். அதன் கீழே 'வெளியிட்டவர்: பதிப்பக்கா.' புதுப் பதிப்பு மாட்டுகிற அன்று துவைத்த புடவையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வருவாள். மெஷின்களுக்கு நடுவே அவள் நடப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சாமி சன்னதியில் விளக்கேற்றிக்கொண்டு போவது போல எனக்குத் தோன்றும். தெய்வக் குற்றம் ஆகாது என்றுதான் இதை எழுதுகிறேன். மனசொப்பிச் செய்கிற வேலை எதுவாக இருந்தாலும் கடவுளுக்குப் போய்ச் சேரும் என்று நம்புகிறவள் நான்.

அவளுக்கு ஏன் அதில் அத்தனை பிடிப்பு என்பதைப் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். நாலு பெண்கள் பிறந்த வீட்டில் அவள் மூன்றாவது. பெரியவள் போட்ட பாவாடை இரண்டாமவளுக்கு வந்து, பிறகு இவளுக்கு வரும். இவளிடமிருந்து கடைசிக்குப் போக அதில் துணி மிச்சமிருக்காது, அதனால் கடைசிக்குப் புதிது எடுப்பார்கள். பள்ளிப் புத்தகம்கூட அக்காக்களின் கிறுக்கலோடுதான் வந்ததாம். கல்யாணமாகிப் போன இடம் கூட்டுக் குடும்பம். மாடியில் இவளும் பஸ் ஓட்டும் புருஷனும். கீழே மாமியாரும் கொழுந்தனும். சில வருஷம் கழித்துக் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்து சேர்ந்தாள்.

அந்தச் சின்னவளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. கலகலப்பான பெண். அதுதான் வினை. மாமியாருக்கு அவள் கைச் சமையல்தான் இறங்கும். பதிப்பக்காவின் மகள் பள்ளிவிட்டு வந்ததும் தலை பின்னிக்கொள்ளக் கீழே ஓடிவிடுவாள்.

"சித்தி பின்னினா இறுக்கமா இருக்காம்," என்றாள் பதிப்பக்கா ஒருநாள், சாப்பாட்டைப் பிசைந்தபடியே. "நான் பின்னினா வலிக்குதாம். ரெண்டும் ஒண்ணுதானே?"

"குழந்தைதானே, விடு."

"குழந்தை மட்டுமா? அவங்க அப்பாவும்தான். நேத்து கீழ சாப்பிட்டுட்டு மேல வந்து, 'நீ ஏன் இப்படிச் செய்யறதில்ல'ன்னு கேக்கறாரு. நான் செஞ்ச மாதிரிதான் அவளும் செஞ்சிருக்கா. அவளுக்குக் கத்துக்குடுத்ததே நான்தான்."

அந்தச் சின்னவள் எங்கள் இடத்திலேயே வேலைக்கு வந்தாள். கொழுந்தனுக்கு வேலை போனதால் வந்தாள், அக்கா இருக்கிற இடம் ஆயிற்றே என்ற தைரியத்தில். பதிப்பக்காதான் சூப்பர்வைசரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டாள். முடியாது என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. வரவேண்டாமென்றும் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

வந்த புதிதில் ஒன்றுமில்லை. பிறகு அவளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சிவப்பில் எழுத ஆரம்பித்தாள். முதலில் சின்னச் சின்னத் திருத்தங்கள். முதல் பக்கத்தில் 'சின்னவள், காலை ஷிஃப்ட்' என்று ஒரு வரி வந்தது. அடுத்த பதிப்பில் அதே பெயர் மேலும் கீழுமாகப் பல இடத்தில். மெக்கானிக் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன பதிப்பக்கா, இந்தத் தடவை முதல் பக்கம் உங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. ஒரே குடும்பத்து ஆளுங்க."

"வேலையைப் பாருங்க."

"பாத்துட்டுதான் சொல்றேன். அந்தப் பொண்ணு எழுதினா எனக்கே புரியுது."

அந்தக் கடைசிச் சொல்தான் போய்த் தைத்தது. அன்றைக்கு அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

பிறகுதான் அந்தப் பக்கம் வந்தது. மருத்துவமனை விரிப்புகளில் இரத்தக் கறை இருக்கும். அதை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். சூடு பட்டுவிட்டால் கறை நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைப் பற்றிக் கையேட்டில் பதிப்பக்கா ஆரம்ப நாட்களில் எழுதின பக்கம் ஒன்று இருந்தது. சரியான பக்கம்தான், ஆனால் நீளம். ஈரக் கையோடு நிற்கிறவர் ஒரு வரியைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினால் எங்கே விட்டோம் என்று தேட வேண்டும். சின்னவள் அதை முழுதாகக் கோடு போட்டுவிட்டுச் சின்னச் சின்ன வரியாகத் திரும்ப எழுதியிருந்தாள். 'தண்ணீர் வெளிறும் வரை அலசு. சூட்டை முதலில் காட்டினால் கறை பிறகு எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டாலும் போகாது' என்று ஒரு வரி. அதைப் படித்து நானே சிரித்தேன்.

பதிப்பக்கா சிரிக்கவில்லை. 'அடுத்த பதிப்புக்கு' என்று போட்டாள்.

அடுத்த மாதமும் அதையே போட்டாள். அதற்கடுத்த மாதமும்.

சின்னவள் பெஞ்சுக்கே வந்து கேட்டாள். "அக்கா, என் பக்கத்துக்கு இன்னும் நல்ல நேரம் வரலையா?"

"பாக்கணும்."

"தப்பு இருந்தா சொல்லுங்க, மாத்திடறேன்."

"தப்புன்னு இல்ல. பாக்கணும்னு சொன்னேன்ல."

"சரிக்கா. அத்தை உங்களைச் சாயங்காலம் கீழ வரச் சொன்னாங்க. கால் வலிக்கு நீங்க தடவிவிட்டாதான் கேக்குமாம்."

சொல்லிவிட்டு எங்கள் இருவர் டப்பாவிலிருந்தும் ஒவ்வொரு வாய் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அவள் மனசில் ஒன்றும் இல்லை. அது தெரிந்ததால்தான் பதிப்பக்காவுக்கு இன்னும் எரிந்தது.

"பாத்தியா, கோவம்கூட வரமாட்டேங்குது அவளுக்கு," என்றாள். "சண்டைக்கு வந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசி முடிச்சுடுவேன்."

"அந்தப் பக்கத்தைப் பதிப்புல விட்டுத்தான் தொலையேன்."

அவள் டப்பாவை மூடி ஓரமாக வைத்தாள். "வீட்டுல எனக்குன்னு இருந்ததெல்லாம் அவ பக்கம் போயிடுச்சு. அவ எதையும் பிடுங்கல, தானா போச்சு. இந்தப் பதிப்பு ஒண்ணுதான் நானா உண்டாக்கினது. அந்தப் பக்கம் நான் முதமுதல்ல எழுதின பக்கம். அதையும் கோடு போட்டு வச்சிருக்கா. நாளைக்கு, 'வெளியிடற வேலையையும் நீயே பாரு'ன்னு அவகிட்ட சொல்லிடுவாங்க. அப்புறம் நான் எதுக்கு?"

அன்று கும்பிடும்போது அவளுக்காகவும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

நல்லது ஒன்று இருப்பது தெரிந்தால் ஜனங்கள் காத்திருக்க மாட்டார்கள். காலை ஷிஃப்டில் இருந்தவர்கள் சின்னவளைக் கேட்டுக்கேட்டு, அந்தப் பக்கத்தை அவள் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கறைத்துணி மெஷினுக்கு இடப்பக்கம் பிளாஸ்டிக் உறையில் பதிப்பக்காவின் பக்கம். வலப்பக்கம் டேப் போட்டு ஒட்டிய சின்னவளின் தாள். பதிப்பக்கா அதைப் பார்த்தாள். கிழித்திருக்கலாம், அந்த அதிகாரம் அவளுக்கு உண்டு. கிழிக்காமல் கடந்து போனாள். ஏன் என்று கேட்டேன். "என்னைக்காவது ஒருநாள் தப்பாகும், அன்னைக்குத் தெரியட்டும்," என்றாள். அவள் வாயிலிருந்து அந்த மாதிரி ஒரு சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

தப்பாகத்தான் ஆயிற்று.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கறைத்துணி மெஷினில் நின்றாள். சொல்லிக்கொடுத்தபடி பதிப்பக்காவின் பக்கத்தைப் பார்த்துத்தான் செய்தாள். எடை போடு, உதறிப் பார், உள்ளே போடு, கதவை மூடு. நான்கு படி முடிந்தது. அதற்குள் வாசலில் வண்டி வந்து, கையெழுத்துப் போட அவளைக் கூப்பிட்டார்கள். நாலு முடிந்துவிட்டது, இனி ஐந்து என்று மனசில் வைத்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தவளுக்குக் கண்ணில் முதலில் பட்டது வலப்பக்கத் தாள். படிக்க லேசாக இருந்தது. அதில் ஐந்தாவது, சோப்புத்தூள் போடு. ஆறாவது, சுடுதண்ணீர் திற.

பதிப்பக்காவின் பக்கத்தில் பச்சைத் தண்ணீர் அலசல் ஐந்தாம் படி. சின்னவள் படிகளைச் சேர்த்துச் சுருக்கியிருந்ததால் அவளுடைய தாளில் அது மூன்றாம் படி. இரண்டு தாளுமே சரி. பாதி இதுவும் பாதி அதுவுமாகச் செய்ததில் அலசல் மட்டும் நடுவில் விடுபட்டுப் போயிற்று.

மெஷினைத் திறந்தபோது உள்ளே இருந்த விரிப்பு முழுவதும் துருப்பிடித்த தகரம் போல இருந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சூப்பர்வைசர் எல்லோரையும் மெஷின் பக்கம் வரச் சொன்னார். மடிப்பு மேசைக்காரர்களான நாங்களும் போனோம். அவர் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்துக் கையில் வைத்திருந்தார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான் சார்," என்றாள் சின்னவள்.

"பதிப்புல இல்லாத தாள் மெஷின்கிட்ட இருக்கக் கூடாதுன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் ஒட்டினியா?"

அவள் ஒட்டவில்லை, மற்றவர்கள்தான் ஒட்டினார்கள். அவள் அதைச் சொல்லவில்லை. ஒட்டினவர்களும் சொல்லவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளையிலிருந்து நீ அழுக்கு பிரிக்கிற ஷெட்டுக்குப் போயிடு. கம்ப்யூட்டர் பக்கம் வர வேண்டாம். திருத்தம் கிருத்தம் ஒண்ணும் எழுத வேண்டாம்."

நான் பதிப்பக்காவைப் பார்த்தேன். அவள் இத்தனை நாள் எதைக் கேட்டாளோ அது அப்படியே தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி வந்துவிட்டது. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். அவள் முகத்தில் ஒரு நிமிஷம் நிம்மதிகூடத் தெரிந்தது, பொய் சொல்வானேன். சின்னவள் தலையை ஆட்டிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். அக்காவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உதவி கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்திருந்தால் பதிப்பக்கா கல்லாக நின்றிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

"சார்," என்றாள் பதிப்பக்கா.

"என்ன?"

"அந்தப் பக்கம் ரொம்ப நாளா கம்ப்யூட்டர்ல இருக்கு. முறைப்படிதான் எழுதியிருக்கா. சிவப்புல."

"அப்புறம் ஏன் பதிப்புல வரல?"

"நான் விடல."

"ஏன், தப்பா எழுதியிருக்காளா?"

"இல்ல சார். சரியாத்தான் இருக்கு."

"தப்பும் இல்ல, முறைப்படியும் இருக்கு. பின்ன ஏம்மா விடல?"

எந்தச் சாக்கும் கிடைக்காமல், கடைசியில் உள்ளதையே சொல்லிவிட்டாள்.

"அவ என் ஓரகத்தி சார்."

மெக்கானிக் அண்ணன்தான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. பிறகு அழுதுகொண்டிருந்த பெண்ணும் சிரித்தாள். சூப்பர்வைசர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேலே விட்டத்தைப் பார்த்தார். அவர் வீட்டிலும் இரண்டு மருமகள்கள் உண்டு.

"அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் இன்னைக்கே வெளியிடுங்க," என்றார். "அந்தப் பொண்ணு எங்கயும் போக வேண்டாம். இனிமே சிவப்பு வரியை ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க. யாராவது ஒருத்தர் தள்ளி வச்சா ஏன்னு பக்கத்துலயே எழுதணும். 'ஓரகத்தி'ன்னு எழுதக் கூடாது."

ஆக, அவள் பயந்ததில் பாதி நடந்துவிட்டது. இனி பதிப்பு அவள் ஒருத்தியுடையது இல்லை.

அன்று பிற்பகல் கை பார்த்தோம். கை நான். எழுதினவர் படிக்கக் கூடாதல்லவா, அதனால் சின்னவள் எழுதியதைப் பதிப்பக்காதான் படிக்க வேண்டியிருந்தது. முதல் வரியை விழுங்கினாற்போலப் படித்தாள். நான் செய்தேன். என் கை எங்கேயும் நிற்கவில்லை. "இன்னொரு தடவை," என்றாள். இந்த முறை ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, என் விரலையே பார்த்துக்கொண்டு படித்தாள். ஏதாவது ஓரிடத்தில் நான் திணற மாட்டேனா என்று அவள் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. எனக்காவது திணறுகிற மாதிரி நடிக்கத் தெரிந்திருக்கலாம், தெரியவில்லை. 'எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டாலும்' என்ற வரியை மட்டும் நான் கேட்காமலே இரண்டு தடவை படித்தாள்.

அச்சடித்து உறை போட்டார்கள். பழைய பக்கத்தைப் பதிப்பக்கா கழற்றினாள், அவளே முதலில் எழுதிய பக்கத்தை. சின்னவள் கத்தரியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் வெட்டட்டுமாக்கா?"

"குடு இங்க," என்று வாங்கித் தன் கையாலேயே மூலையை வெட்டினாள்.

முதல் பக்கத்தில் 'கறைத்துணிப் பக்கம் முழுவதும்: சின்னவள்' என்று போட்டிருந்தாள். அதைத் தட்டச்சு செய்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. வெளியிட்டவர் என்ற இடத்தில் இரண்டு பெயர். தன் பெயரை முதலில் போட்டிருந்தாள். சின்னவள் அதைப் பார்த்துவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு மாட்டப் போனாள்.

ஷிஃப்ட் முடிந்து நாங்கள் இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னவள் அந்தப் புதுப் பெண்ணுக்குத் தாளைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டும் தலையாட்டிச் சிரித்தன.

"மனசு ஆறிடுச்சா?" என்று கேட்டேன்.

"எங்க ஆறுது? நல்லா எழுதியிருக்கா. படிக்கப் படிக்க வயிறு எரியுது."

"சாமிகிட்ட சொல்லு, எடுத்துடுவார்."

"சொல்லியாச்சு. அவரும் அடுத்த மாசம் பாக்கலாம்னு இருக்காரு போல." கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "உலர்த்தற மெஷின் பக்கத்தையும் மாத்தணும்னு சொல்லிட்டிருக்கா. எழுதட்டும். ராத்திரி நானும் உக்காந்து அதே பக்கத்தை எழுதிப் பாக்கப் போறேன். அவளோடதுக்கு மேல எழுத முடியுதான்னு பாக்கறேன்."

"முடியலைன்னா?"

"முடியலைன்னா அவளோடதைப் போட வேண்டியதுதான்," என்று எழுந்தாள். "ஆனா அவளோடதுக்கு நீ கை பாக்கறப்ப எதுக்கும் கொஞ்சம் மெதுவாவே செய்."